கோலமும் விரைவும்: மென்பொருள் நிர்மாணத்தைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி



காரைதீவிலே விஞ்ஞான சம்பந்தமான விஷயமொன்றைத் தமிழில் எடுத்துரைக்க முற்படுவோர் எவராயினும், 1892 ஆம் ஆண்டில் இவ்வூரிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டம் பெற்று, கல்லூரிகளில் விஞ்ஞானம் கற்பித்து, பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியப் பதவியை அலங்கரித்த சுவாமி விபுலாநந்தரை முதற்கண் நினைத்தல் கடன். சம்பிரதாயத்துக்காக அப்பெயரை இங்கே எடுக்கின்றேனல்லேன். அவர் மறைந்த ஆண்டாகிய 1947 இல் வெளிவந்த யாழ்நூலை ஊன்றிக் கற்போர், வழக்கொழிந்துபோன ஓர் இசைக்கருவியின் உருவத்தைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து உய்த்துணர்ந்த ஆசிரியர், உருவத்தைக் கண்ட மகிழ்ச்சியோடு நின்றுவிடாது, அதன் நரம்புகள் எழுப்பிய சுரங்களுக்கிடையே அமைந்த விகிதங்களையும் கணித முறையால் ஆராய்ந்து நிறுவப் புகுந்ததைக் காண்பர். உருவத்தைப் போற்றும் கலையுள்ளமும், அளந்தன்றி எதனையும் ஏற்காத விஞ்ஞான புத்தியும் ஒருவரிடத்தே கூடியிருந்தமையே அந்நூலின் பெருமைக்குக் காரணம் என்பது என் துணிபு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட துறையிலே இவ்விரண்டும் பிரிந்து நின்று ஒன்றையொன்று பழித்துக்கொண்டிருப்பதால், அவருடைய ஊரில் இவ்விஷயத்தைப் பேசுவது பொருத்தமெனக் கொண்டேன்.

மென்பொருள் இயற்றுவோரிடையே இரு கட்சியார் உளர். டிசைன் பேட்டர்ன் என்று அவர்கள் வழங்குகின்ற வடிவமைப்புக் கோலங்களைப் பயின்று, எழுதும் ஒவ்வொரு வரியையும் அக்கோலங்களுக்கு அமைய எழுதுவதையே சிற்பத் திறமாகக் கருதுவோர் ஒரு கட்சியார். கோலங்களெல்லாம் வேகத்துக்குப் பகையென்றும், இயந்திரத்தின் இயல்பை அறியாதோர் செய்துகொள்ளும் ஆடம்பரமென்றும் ஒதுக்குவோர் மறு கட்சியார். முன்னவர் இயற்றிய மென்பொருள் தளர்நடை இடும்பொழுது, பின்னவர் வந்து அதன் அமைப்பைக் கலைத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்திற் குவித்து விரைவாக ஓடச் செய்துவிடுகின்றனர். அவ்வாறு குவிக்கப்பட்டதைச் சில ஆண்டுகளின் பின்னர்த் திருத்த வேண்டிய இளைஞனோ, எங்கே கைவைத்தால் எது இடியும் என்று தெரியாமற் கலங்குகின்றான். இவ்விரு நிலையும் வேண்டுவதில்லை. கோலம் செவ்வனே அமைந்திருக்குமாயின், விரைவுக்குரிய திருத்தத்தை எங்கே செய்வது என்பதை அக்கோலமே காட்டும் என்பதனை, நம் நாட்டவர் பெரும்பங்கு கொண்டு இயற்றிய ஒரு மென்பொருளின் வரலாற்றை நடுவாக வைத்து நிறுவுதலே என் நோக்கம்.

கோலம் என்னும் இக்கருத்து கணினியாளரிடம் தோன்றியதன்று. வியன்னா நகரிற் பிறந்து, இங்கிலாந்திற் கற்று, அமெரிக்காவிற் பேராசிரியராயிருந்த கிறிஸ்தோபர் அலெக்சாந்தர் என்னும் கட்டடக்கலை அறிஞர், தம் குழுவினருடன் 1977 இல் வெளியிட்ட நூலொன்றில், நகரங்களின் பரப்பு முதற்கொண்டு சாளரத்தருகே அமைக்கும் இருக்கை வரை, மனிதர் வாழுமிடங்களில் மீண்டும் மீண்டும் எழும் பிரச்சினைகளையும் அவற்றுக்கு அநுபவம் கண்ட தீர்வுகளையும் 253 கோலங்களாக வகுத்துக் கூறினார். அக்கருத்தைக் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹம் என்னும் இருவர் 1987 இல் மென்பொருளுக்கு இயைத்துப் பார்த்தனர். எரிக் காமா, றிச்சர்ட் ஹெல்ம், றல்ப் ஜோன்சன், ஜோன் விலிசிடெஸ் என்னும் நால்வர் 1994 இல் வெளியிட்ட நூல் 23 கோலங்களைத் தொகுத்துத் தந்து, உலகெங்குமுள்ள கணினிக் கல்லூரிகளிற் பாடநூலாயிற்று. ஒன்றில் நிகழும் மாற்றத்தை அதில் அக்கறையுள்ள பலவற்றுக்கும் அறிவிக்கும் ஒப்சேவர், ஒன்றன்மேலொன்றாக ஆற்றல்களைப் போர்த்தும் டெக்கரேட்டர், வந்த வேண்டுகோளைக் கைமாற்றிக் கைமாற்றி உரியவரிடம் சேர்க்கும் பொறுப்புச் சங்கிலி என்பன அவற்றுட் சில. நூலாசிரியர் ஒவ்வொரு கோலத்தின் பின்னும் அதனால் விளையும் நன்மை தீமைகளைத் தனிப் பகுதியாக எழுதியிருந்தும், கற்போர் பெரும்பாலும் படத்தைப் பார்த்துவிட்டு அப்பகுதியைக் கடந்து சென்றுவிடுவது வருந்தத்தக்கது. விரைவைப் பற்றிய முதற் பாடம் அங்கேயே இருக்கின்றது.

இனி, கோலத்துக்கு நாம் கொடுக்கும் விலை யாது? தகவலையும் அதற்குரிய செயலையும் சேர்த்த அலகாகிய ஓர் ஒப்ஜெக்ட் மற்றொன்றை நேரே அழையாது, இடைநிற்கும் ஒன்றன் வாயிலாக அழைத்தலே பெரும்பாலான கோலங்களின் உயிர்நிலை. எந்தச் செயற்கூறு ஓடவேண்டும் என்பதை ஓடும் வேளையிலே அட்டவணையொன்றைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருப்பதால், சில நனோசெக்கன்கள் கூடுதலாகச் செலவாகின்றன. இதனையே பலரும் பெரிதுபடுத்திப் பேசுவர். ஆனால் இக்காலச் செயலியொன்று தன் அருகேயுள்ள கேஷ் நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பை எடுக்க ஏறத்தாழ 1 நனோசெக்கனும், அங்கே இல்லாததைப் பிரதான நினைவகத்திலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நனோசெக்கனும் ஆகின்றன. ஒரே கட்டடத்திலுள்ள மற்றொரு சேர்வரிடம் ஒரு கேள்வி கேட்டு விடை பெறுவதற்கோ அரை மில்லிசெக்கன், அதாவது 500,000 நனோசெக்கன் வேண்டும். இவ்வெண்களை அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, இடைநின்ற அழைப்பினும் பன்மடங்கு பாரமான செலவுகள் வேறிடங்களில் உள்ளன என்பது புலனாகும். சிறுசிறு ஒப்ஜெக்டுகளாக எல்லாவற்றையும் பிரித்து நினைவகமெங்கும் சிதறவிடுவதே கோலங்களால் வரும் மெய்யான இழப்பு. செயலி ஒரு தடவைக்கு 64 பைட் கொண்ட ஒரு வரிசையையே பெரும்பாலும் அள்ளிக்கொண்டு வருகின்றதாகலின், அடுத்து வேண்டியது அவ்வரிசையிலேயே இல்லாவிடின் ஒவ்வொரு தடவையும் நெடுந்தூரம் செல்ல நேர்கின்றது.

இடைநின்ற அழைப்பின் செலவைக் குறைக்கும் பணியை மொழிகளை இயற்றிய அறிஞரே பெருமளவு செய்து முடித்துவிட்டனர். ஸ்மோல்ரோக் மொழிக்காக 1984 இல் டொய்ச், ஷிஃப்மன் என்போர், அழைக்குமிடத்திலேயே சென்ற தடவை கண்ட விடையைக் குறித்துவைக்கும் உபாயத்தைக் கண்டனர். ஒரே இடத்திற் பல விடைகள் மாறிமாறி வரும் நிலைக்கும் அவ்வுபாயத்தை 1991 இல் செல்ஃப் மொழி ஆராய்ச்சியாளர் விரிவுபடுத்தினர். 1999 இல் வெளிவந்த ஜாவாவின் ஹொட்ஸ்பொட் இயந்திரமோ, ஓர் இடைமுகத்துக்கு ஒரே ஒரு நிறைவேற்றமே ஏற்றப்பட்டிருக்குமாயின் இடைநிலையையே நீக்கி நேரே பொருத்திவிட்டு, இரண்டாவது வரும்பொழுது பழைய நிலைக்கு மீளவும் வல்லது. ஆதலால் கையால் எழுதுவோன் அழகிய அமைப்பொன்றைக் கலைத்துப் பெறக்கூடிய ஊதியத்தை, இயந்திரம் பல வேளைகளில் அமைப்பைக் கலையாமலே தந்துவிடுகின்றது.

டொனால்ட் நூத் 1971 இல் போர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து, நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே ஓடும் நேரத்தின் பாதிக்கு மேற்பட்டதை விழுங்குகின்றது என்று கண்டார். ஜீன் அம்டால் 1967 இல் உணர்த்திய நியாயமோ மேலும் கடுமையானது. மொத்த நேரத்தில் 5 சதவீதம் பெறும் பகுதியை முற்றாக ஒழித்துவிட்டாலும், முழுமைக்கும் கிடைக்கும் விரைவு ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு மேற்படாது. ஆகவே, எங்கே காலம் கழிகின்றது என்பதைப் புரொபைலர் என்னும் கருவியால் அளந்தறியாது கோலத்தைக் குறை கூறுவோர், நோயின் இடமறியாது மருந்திடுவோர் ஆவர்.

இவ்வளவும் பொதுவாகச் சொன்னவை. இப்பொழுது நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம்.

2000 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு வலைச்சேவை என்னும் முறை எழுந்தது. அனுப்பவேண்டிய செய்தி எக்ஸ்.எம்.எல். உருவில் எழுதப்பட்டு, சோப் என்னும் உறையில் இடப்பட்டுச் செல்லும். உறையின் தலைப்பகுதியிற் பாதுகாப்பு, முகவரி முதலிய குறிப்புகளும், உடற்பகுதியில் உண்மையான விஷயமும் இருக்கும். ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய இலங்கையரான சஞ்சீவ வீரவரண, இச்சேவைகளை விவரிக்கும் மொழியாகிய டபிள்யூ.எஸ்.டி.எல். இன் ஆசிரியருள் ஒருவர். அப்பாச்சி நிறுவனத்தின் கீழ் வெளிவந்த சோப் மென்பொருளையும் அதன் பின்னர் வந்த ஆக்ஸிஸ் என்னும் மென்பொருளையும் உலகெங்கும் பலர் பயன்படுத்தினர். ஆக்ஸிஸின் நடுவே இருந்தது பொறுப்புச் சங்கிலிக் கோலந்தான். வந்த செய்தி கைமாற்றுநர் பலர் வழியே வரிசையாகச் செல்லும். ஒருவர் கையொப்பத்தைச் சோதிப்பார், ஒருவர் பதிவேட்டில் எழுதுவார், ஒருவர் முகவரியை நோக்குவார். புதிய கடமை ஒன்று எழுந்தால் புதிய கைமாற்றுநரைச் சங்கிலியிற் சேர்த்தாற் போதும். அமைப்பு நன்று. ஆனால் நடை மெதுவாயிருந்தது.

காரணத்தை ஆராய்வோம். எக்ஸ்.எம்.எல். உரையைப் படிப்பதற்கு அக்காலத்தில் இரு வழிகள் பெருவழக்காய் இருந்தன. டொம் என்னும் முறை, செய்தி முழுவதையும் படித்து முடித்து, அதன் ஒவ்வொரு கூறுக்கும் ஓர் ஒப்ஜெக்ட் ஆக்கி, பெருமரமொன்றாக நினைவகத்தில் நிறுத்தும். அம்மரம் மூல உரையைப்போற் பன்மடங்கு இடத்தைக் கொள்ளும். சாக்ஸ் என்னும் முறை மரத்தை ஆக்காது. ஆனால் படிக்கும் பொறி தன் வேகத்தில் நிகழ்ச்சிகளைத் தள்ளிக்கொண்டே போகும், கேட்பவர் நிறுத்தச் சொல்ல இயலாது. ஆக்ஸிஸ் சாக்ஸ் முறையைக் கைக்கொண்டதாயினும், சங்கிலியிலுள்ள கைமாற்றுநர் தலைப்பகுதியை முன்பின்னாக நோக்கவேண்டியிருந்தமையால், தள்ளப்பட்ட நிகழ்ச்சிகளைப் பதிந்துவைத்து மீண்டும் ஓட்டிக்காட்டும் பிரயாசையை மேற்கொள்ள நேர்ந்தது.

2004 ஆகஸ்ட் மாதத்திலே கொழும்பிற் கூடிய ஆக்ஸிஸ் வல்லுநர் மகாநாட்டில், பழைய அமைப்பைத் திருத்துவதை விட்டு, ஆக்ஸிஸ் 2 எனப் புதிதாகவே இயற்றுவதற்கு அடிகோலப்பட்டது. 2003 இல் நிறுவப்பட்டிருந்த லங்கா சொவ்ட்வெயார் பவுண்டேஷனைச் சார்ந்த இளைஞர் அப்பணியிற் பெரும்பங்கு கொண்டனர். அவருட் பலர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வழி வந்தோர். புதிதாக இயற்றியோர் சங்கிலிக் கோலத்தைக் கைவிட்டனரா? இல்லை. கைமாற்றுநர் முன்போலவே இருந்தனர். அவர்களைக் கட்டங்களாகவும், கட்டங்களை ஒழுக்குகளாகவும் முன்னினும் செம்மையாக வகுத்தனர். சங்கிலியின் வழியே செல்லும் பொருளின் இயல்பையும், சங்கிலி தன் நினைவை வைத்திருக்கும் இடத்தையும் மட்டும் மாற்றினர். இதுவே நான் அழுத்திக் கூற விரும்பும் இடம்.

செல்லும் பொருளை எவ்வாறு மாற்றினர் என்று பார்ப்போம். 2004 இல் ஸ்டாக்ஸ் என்னும் புதிய முறை ஜாவா மொழிக்கு வந்திருந்தது. இதிலே படிக்கும் பொறி தள்ளுவதில்லை, கேட்பவர் இழுக்கும்பொழுது மட்டும் அடுத்ததைத் தரும். இதன்மேல் ஆக்ஸியம் என்னும் செய்தி மாதிரியுருவை அவ்விளைஞர் கட்டினர். கைமாற்றுநர் ஒருவர் மரத்தின் ஒரு கிளையைக் கேட்கும்பொழுது, அக்கிளை வரையிலுமே உரை படிக்கப்பட்டு மரம் வளரும். எஞ்சிய உரை குழாயிலேயே இருக்கும். கல்முனைத் தபாற் கந்தோரிலே கடிதங்களை வகைப்படுத்துவோர் உறையின் மேலுள்ள முகவரியை நோக்குகின்றனரேயன்றி உள்ளிருக்கும் கடிதத்தைப் பிரித்துப் படித்துப் படியெடுப்பதில்லை. ஆக்ஸியம் செய்ததும் அதுவே. தலைப்பகுதியை மட்டும் பார்க்கும் கைமாற்றுநர் நூறு பேர் இருப்பினும் உடற்பகுதி மரமாகாது. இறுதியில் அதனைப் பெறும் சேவை, மரத்தை ஆக்காமலே குழாயிலிருந்து நேரே தனக்கு வேண்டிய உருவத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி வைக்கப்பட்டது. செய்தியின் அளவு கூடக்கூட இந்த வேறுபாடும் கூடும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

நினைவு இருக்கும் இடத்தைப் பற்றியது மற்றைய மாற்றம். பல செய்திகள் ஒரே வேளையில் வரும் சேர்வரிலே, கைமாற்றுநர் ஒவ்வொருவரும் நடக்கும் வேலையைப் பற்றிய குறிப்புகளைத் தம்முள்ளேயே வைத்திருப்பாராயின், செய்திக்கு ஒருவராகப் புதியவரை ஆக்கவேண்டும்; அன்றேல் ஒருவர் வேலை முடியும் வரை மற்றையோரைப் பூட்டிட்டு நிறுத்தவேண்டும். இரண்டும் செலவு. ஆக்ஸிஸ் 2 இனை அமைத்தோர், செயலை ஒரு புறமும் தகவலை மறு புறமும் பிரித்து, கைமாற்றுநரை நினைவற்றவராக்கி, குறிப்புகள் யாவற்றையும் செய்தியோடு செல்லும் சூழற்பொருள்களில் வைத்தனர். அதனால் ஒரே கைமாற்றுநர் பூட்டின்றி எத்தனை செய்திகளுக்கும் ஒருங்கே பணிபுரிய முடிந்தது. சங்கிலியில் யார் முன், யார் பின் என்னும் விதிகளும் சேவை நிறுவப்படும் வேளையிலேயே தீர்க்கப்பட்டு வரிசை உறுதியாக்கப்பட்டது. செய்தி வரும்தோறும் அதனை ஆராயும் வேலை ஒழிந்தது. 2006 மே மாதத்தில் ஆக்ஸிஸ் 2 இன் 1.0 பதிப்பு வெளிவந்தது.

இதே வழியில் மேலும் ஒரு படி சென்றோரும் அவர்களே. 2005 இல் சஞ்சீவ வீரவரணவும் அவர்தம் தோழரும் நிறுவிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனம், அப்பாச்சி சினப்ஸ் என்னும் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு, நிறுவனங்களின் பல்வேறு மென்பொருள்களை இணைக்கும் இடைவழி ஒன்றை ஆக்கியது. கிரெகர் ஹோப், பொபி வுல்ஃப் என்னும் இருவர் 2003 இல் தொகுத்த 65 இணைப்புக் கோலங்களிற் பலவற்றை அவ்விடைவழியில் அமைக்கலாம். அத்தகைய இடைவழியில் வரும் செய்திகளுட் பெரும்பகுதி, உள்ளே ஒன்றும் பார்க்கப்படாமலே ஒரு வாயிலிலிருந்து மறு வாயிலுக்குச் செல்பவை. ஆதலால் பிற்காலத்து அமைப்பிலே, வரும் பைட்டுகளை உள்வாயிலும் வெளிவாயிலும் பங்கிட்டுக்கொள்ளும் ஒரே இடைக்கலத்தில் இட்டு, இடைநின்றோர் எவரேனும் உள்ளடக்கத்தைக் கேட்டாலன்றி எக்ஸ்.எம்.எல். ஆகப் படியாமலே அப்பாற் செலுத்தும் முறையைக் கைக்கொண்டனர். அமெரிக்காவின் ஈபே நிறுவனம் இவ்விடைவழியின் மூலம் நாளொன்றுக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்களை நடத்தியது என்று டபிள்யூ.எஸ்.ஓ.2 அறிவித்தது. கோலங்களால் நிறைந்த ஒரு மென்பொருள் இத்துணைப் பாரத்தைத் தாங்கியது. வேகத்துக்காக அதன் கோலங்கள் அழிக்கப்படவில்லை. கைமாற்றுநருக்கும் செய்திக்கும் இடையே தெளிவான எல்லை இருந்தமையாலேதான், எல்லைக்கு அப்பாலுள்ள செய்தியின் உருவத்தைக் கைமாற்றுநர் அறியாமலே மாற்ற முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்திற் குவித்தெழுதியிருந்தாற் புதிய வாசிப்பு முறை வந்தபோது அம்மென்பொருளை முழுதும் எரித்துவிட்டுத் தொடங்க வேண்டியிருந்திருக்கும்.

சில கோலங்கள் விரைவுக்காகவே பிறந்தவை. பிளைவெயிட் என்னும் கோலம் அவற்றுள் ஒன்று. ஓர் ஆவணத்திலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் ஓர் ஒப்ஜெக்ட் ஆக்குதல் அழகிய எண்ணமாயினும், இலட்சக்கணக்கான எழுத்துகளுக்கு அது தாங்காது. ஆகவே உருவம் ஒத்த எழுத்துகளெல்லாம் ஒரே ஒப்ஜெக்டைப் பங்கிட்டுக்கொள்ள, இடமும் வரியுமாகிய மாறுபடும் குறிப்புகளை வெளியே வைத்துக்கொள்வர். 180,000 எழுத்துகள் கொண்ட ஆவணத்துக்கு 480 எழுத்து ஒப்ஜெக்டுகளே போதுமாயிருந்தன என்று மேற்சொன்ன நால்வர் தம் நூலிற் குறிக்கின்றனர். தமிழின் 247 எழுத்துகளுக்கு இக்கோலத்தைப் பொருத்திப் பார்த்தல் நம் மாணவர்க்கு இனிய பயிற்சியாகும். யூனிகோட்டில் உயிர்மெய்யெழுத்துகளிற் பெரும்பாலானவை மெய்க்குரிய குறியீட்டோடு உயிர்க்குறியையும் சேர்த்து ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகளால் ஆகின்றமையால், எதனைப் பங்கிடுவது, குறியீட்டையா, திரையில் விழும் உருவத்தையா என்ற வினா உடனே எழும். திரையில் விழும் உருவத்தைப் பங்கிடுதலே நலம் என்பது என் கருத்து. குறியீடுகளைச் சேர்த்து உருவமாக்கும் வேலைதான் பாரமானது.

வேறு சில கோலங்கள் நல்லனவாய் இருந்தும் கவனக்குறைவால் நஞ்சாகின்றன. தரவுத்தளத்திலுள்ள விவரங்களை வேண்டும்பொழுது மட்டும் கொண்டுவரும் புரொக்ஸி கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 200 நிவாரண முகாம்களின் பட்டியலைக் காட்டவேண்டுமென்றும், ஒவ்வொரு முகாமிலுமுள்ள குடும்பங்களின் தொகையை அதனதன் புரொக்ஸி தனித்தனியே கேட்டு வருகின்றதென்றும் கற்பித்துக்கொள்வோம். பட்டியலுக்கு ஒரு கேள்வி, முகாமுக்கொரு கேள்வி, ஆக 201 கேள்விகள். தரவுத்தளம் அருகிலிருந்து ஒரு கேள்விக்கு அரை மில்லிசெக்கன் ஆகுமாயின் செக்கனில் பத்திலொரு பங்கிலே எல்லாம் முடிந்துவிடும், எழுதியவர் குறையொன்றும் காணார். அதே நிரல் தொலைவிலுள்ள தரவுத்தளத்தோடு ஒரு கேள்விக்கு 50 மில்லிசெக்கன் வீதம் பேச நேர்ந்தால் 10 செக்கன் ஆகிவிடும். தீர்வு புரொக்ஸியை ஒழிப்பதன்று. இப்பட்டியலுக்கு எல்லாத் தொகைகளையும் ஒரே கேள்வியில் முன்கூட்டியே கொணர்க என்று அதனிடம் சொல்லிவைப்பதே. அளந்து பார்ப்பவன் வேகமான வலையமைப்பில் இருந்துகொண்டு அளந்தால் இந்நோய் கண்ணிற் படாது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

விரைவு வேண்டிச் செய்த திருத்தமே பிழையாய் முடிந்த உதாரணமும் உண்டு. ஒரேயொரு பிரதியே இருக்கவேண்டும் என்னும் சிங்கிள்டன் கோலத்திற் பூட்டின் செலவைத் தவிர்க்க, பூட்டுக்கு முன்னும் பின்னும் இருமுறை சோதிக்கும் உபாயத்தை ஜாவா எழுதுவோர் பலர் ஆர்வத்தோடு பின்பற்றினர். பார்வைக்குக் குற்றமற்ற அவ்வுபாயம், அக்காலத்து ஜாவாவின் நினைவக விதிகளின்படி, அரைகுறையாக ஆக்கப்பட்ட ஒப்ஜெக்டை ஒருங்கே ஓடும் மற்றோர் இழை காணும்படி விட்டுவிடக்கூடியது. 2004 இல் வந்த ஜாவா 5 விதிகளைச் சீர்ப்படுத்திய பின்னரே, வொலட்டைல் என்னும் குறியோடு எழுதினால், அது பிழையற்றதாயிற்று. சில நனோசெக்கன்களுக்காகச் சரியான தன்மையைப் பணயம் வைத்தல் அறிவுடைமையாகாது.

மீண்டும் நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். கொழும்பிலே ஆக்ஸிஸ் 2 இற்கு அடிகோலப்பட்டு நான்கு மாதங்கள் கழிந்த 2004 டிசம்பர் 26 ஆம் நாள், கடல் நம் கரையில் ஏறி வந்தது. அதன் துயரை இவ்வவையோர்க்கு நான் எடுத்துரைத்தல் தகாது. இலங்கையில் மாண்டோருட் பெருந்தொகையினர், 10,000 இற்கு மேற்பட்டோர், நம் அம்பாறை மாவட்டத்தார் என்பதை மட்டும் சொல்லி அமைகின்றேன். அவ்வேளையில் அதே இளைஞர் குழாத்தைச் சார்ந்தோரும் பிற தன்னார்வத் தொண்டரும் மிக விரைவிலேயே சஹானா என்னும் நிவாரண மென்பொருளை இயற்றினர். காணாமற்போனோர் பதிவேடு, தொண்டு நிறுவனங்களின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, தேவைகளையும் கொடைகளையும் இணைக்கும் பகுதி எனத் தனித்தனிக் கூறுகளாக அது அமைந்திருந்தது. பின்னர் அது செம்மையாக மீள எழுதப்பட்டு, 2005 இற் பாகிஸ்தானின் நிலநடுக்கத்திலும், 2006 இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மண்சரிவிலும் பயன்பட்டது. அதே 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகநலப் பரிசைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. இக்கரையோரத்தின் துயரிலே பிறந்த ஒரு மென்பொருள் பிற நாட்டார் துயருக்கு உதவியது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் போதியவாறு சொல்லவில்லை, சொல்லவேண்டும்.

விரைவு என்ற சொல்லுக்குச் சஹானா மற்றொரு பொருளையும் கற்பிக்கின்றது. தாய் தன் பிள்ளையின் பெயரைத் தேடும் பதிவேட்டிலே விடை வரும் நேரம் அளக்கத்தக்க விரைவு; புதிய நாட்டிலே புதிய பேரிடர்க்கு வேண்டிய கூறொன்றைச் சேர்த்துமுடிக்க எடுக்கும் நேரமும் விரைவுதான். முன்னதற்காகப் பின்னதை முற்றாகப் பலியிடும் திருத்தம், இயந்திரத்துக்குச் சில மில்லிசெக்கனை மிச்சம் பிடித்துக் கொடுத்து, மனிதர்க்குச் சில வாரங்களை இழப்பித்துவிடும். கோலத்தைக் கலைக்கவேண்டிய இடங்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. படங்களின் புள்ளிகளையோ ஒலியலைகளையோ செக்கனுக்குக் கோடிக்கணக்கில் எண்ணும் உட்சுற்றிலே, சிறு ஒப்ஜெக்டுகளைக் கைவிட்டு, எண்களை நீண்ட வரிசையாக அடுக்கி, இடைநிலையின்றி நேரே எழுதுதலே முறை. அங்ஙனம் கலைக்கப்பட்ட பகுதி சிறிதாக இருக்கவேண்டும். அதனைச் சுற்றி ஒரு கோலம் வேலியாக நிற்கவேண்டும். கலைத்ததற்குக் காரணமான அளவீடு நிரலிலேயே எழுதி வைக்கப்படவேண்டும். இம்மூன்றும் இல்லாத விரைவுத் திருத்தத்தை ஏற்றுக்கொள்ள நான் ஒருபோதும் உடன்படேன்.

ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. இக்கரையின் பாடசாலைகளிலும் கணினி கற்கும் மாணவர் பெருகியுள்ளனர். ஆக்ஸிஸ் 2 உம் ஆக்ஸியமும் சஹானாவும் மூலநிரலோடு யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அம்மாணவருள் ஊக்கமுடையோர் ஆக்ஸியத்தை எடுத்துக்கொண்டு, சில கிலோபைட் முதற் பல மெகாபைட் வரை அளவு வேறுபட்ட செய்திகளை ஆக்கி, தலைப்பகுதியை மட்டும் படிக்கும் கைமாற்றுநரோடு ஒருமுறையும், மரம் முழுவதையும் ஆக்கும்படி வற்புறுத்தும் கைமாற்றுநரோடு மற்றொருமுறையும் ஓட்டி, நேரத்தையும் நினைவகத்தையும் அளந்து, கண்டதைத் தமிழில் எழுதி வெளியிடுவாராக. எழுதும்பொழுது செயலியின் வகையையும் ஜாவாவின் பதிப்பையும் செய்திகளின் அளவையும் குறித்தல் அவசியம். ஹொட்ஸ்பொட் இயந்திரம் தொடக்கத்தில் மெதுவாக ஓடி, அடிக்கடி வரும் பகுதிகளை அறிந்த பின்னரே விரைவடையுமாதலால், முதலில் நிகழும் சில ஆயிரம் ஓட்டங்களைக் கணக்கிற் சேர்க்கலாகாது. சராசரி ஒன்றை மட்டும் தந்தாற் போதாது. நூறில் மிக மெதுவான ஒன்று எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் தரவேண்டும், ஏனெனில் வரிசையிற் காத்திருக்கும் மனிதர் சிலருக்கு நேர்வது அந்த நேரமே.